ஜூலை 14-க்கு ஃப்ரான்ஸ் கால் பாட்டுகள்: எதை எடுக்கிறது, எப்படிப் பாடுறது?

அரசலாற்றங்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்கால்ல ஜூலை 14 (பிரெஞ்சு தேசிய நாள்) சாயங்கால நிகழ்ச்சியில எங்க குழுவுக்கு 45 நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க. பிரெஞ்சுப் பாடகி ஃப்ரான்ஸ் கால் பத்திச் செய்யலாம்னு முடிவு. ஆறு பாட்டு, நடுநடுவுல தமிழ்ல சின்னச் சின்ன விளக்கம்.

பாடப்போறது நாலு பொண்ணுங்க. ரெண்டு பேர் கர்நாடக சங்கீதம் வர்ணம் வரைக்கும் வந்தவங்க, ரெண்டு பேர் கல்லூரியில பிரெஞ்சு எடுத்தவங்க. சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு பிரெஞ்சு தெரியாது, பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கு சுருதி நிக்காது. ஒரு கீபோர்டு, ஒரு கஹோன் (உட்கார்ந்து தட்டுற மரப்பெட்டி), மிச்சத்துக்கு கரோக்கி ட்ராக். இடம் கல்யாண மண்டபம், டைல்ஸ் தரை. கூட்டத்துல பாதி சொல்தா (பிரெஞ்சுப் படையில இருந்தவங்க) குடும்பத்துப் பெரியவங்க, அவங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் அத்துப்படி. மீதி காலேஜ் பசங்க, அவங்களுக்குப் பேரே தெரியாது.

சந்தேகங்கள்:
அவங்க யூரோவிஷன் பாட்டுப் போட்டியில ஜெயிச்சது பிரான்சுக்காகத்தானே? நோட்டீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கோம், இன்னும் அச்சுக்குப் போகல.
எந்த ஆறு பாட்டு, எந்த வரிசை?
உச்சரிப்புல பெரியவங்க சிரிக்காம இருக்க எதை முதல்ல சரி பண்ணணும்?
'ஸ்தார்மானியா' நாடகத்துப் பாட்டைத் தனியா எடுத்துப் பாடினா புரியுமா?

---

திருமலைராஜனாறு

நோட்டீசை நிறுத்துங்கள். 1965 மார்ச் 20, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த அந்தப் போட்டியில் அவர் பாடியது லக்சம்பர்க் நாட்டுக்காக. பாடுபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் போட்டி பார்ப்பதில்லை. 18 நாடுகள் கலந்துகொண்டன, அவர் பெற்றது 32 புள்ளிகள், இரண்டாவதாக வந்த பிரிட்டனுக்கு 26. அப்போது அவருக்கு வயது 17. "பிரெஞ்சுப் பாடகி, லக்சம்பர்க் சார்பில்" என்று போட்டால் சரியாக இருக்கும். பெரியவர்கள் முதலில் பிடிக்கப்போவது இந்தத் தவறைத்தான்.

வாழ்க்கைக் குறிப்புக்குத் தேவையானதை மட்டும் தருகிறேன். பிறந்தது 1947 அக்டோபர் 9, பாரிஸ். பெற்றோர் வைத்த பெயர் இசபெல். அதே காலத்தில் இசபெல் ஓப்ரே என்ற பாடகி பிரபலமாக இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று இசைத்தட்டு நிறுவனத்தில் 'ஃப்ரான்ஸ்' ஆக்கினார்கள். தந்தை ரொபேர் கால் பாடலாசிரியர். ஷார்ல் அஸ்னவூர் பாடிய 'லா மாமா'வின் வரிகள் அவருடையவை. தாய்வழித் தாத்தா போல் பெர்த்தியே, பிரான்சின் புகழ்பெற்ற சிறுவர் பாடகர் குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மேளக்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் பாட்டு வானொலியில் ஒலித்தது 1963-இல், அவருடைய 16-ஆவது பிறந்தநாளன்று.

போட்டியில் வென்ற 'பூப்பே த ஸீர், பூப்பே த ஸோன்' பாட்டை எழுதியவர் செர்ஜ் கேன்ஸ்பூர். தலைப்பையே மேடையில் விளக்குங்கள், அரை நிமிடம் போதும். 'ஸீர்' மெழுகு. 'ஸோன்' என்றால் தவிடு, அதே சொல்லுக்கு ஒலி என்றும் பொருள். அந்தக் காலத்துப் பொம்மைகளுக்கு வயிற்றில் தவிடு அடைப்பார்கள். ஆகவே தவிடு அடைத்த பொம்மை, ஒலியால் ஆன பொம்மை என்று இரண்டு பொருளும் ஒன்றாக வரும். பிறர் எழுதிக் கொடுத்ததை வாயசைக்கும் பாடகிப் பொம்மை ஒன்று தன்னைப் பற்றியே பாடுவதுதான் பாட்டு. அதைப் பாடியதும் பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடிய 17 வயதுப் பெண். தலையாட்டிப் பொம்மை செய்கிற தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவருடைய வாழ்க்கையை இரண்டு பாகமாகப் பார்ப்பதுதான் நியாயம். 1963 முதல் 67 வரை ஊர் சொன்னதைப் பாடிய குழந்தைக் குரல். பிறகு ஆறேழு வருடம் பாட்டுகள் எடுபடவில்லை. 1974-இல் மிஷேல் பெர்ஜே 'லா தெக்லராஸியோன் தமூர்' எழுதிக் கொடுத்ததும் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. 1976 ஜூன் 22-இல் இருவருக்கும் திருமணம். அன்றிலிருந்து 1992 வரை அவர் பாடியது ஏறக்குறைய எல்லாமே பெர்ஜே எழுதியவை. பொம்மைப் பாட்டு ஒன்றோடு நின்றுவிட்டு அவரை 'அறுபதுகளின் பாடகி' என்று அறிமுகம் செய்தால், நிகழ்ச்சியின் முக்கால் பங்கு விட்டுப்போகும்.

துயரங்களை வரிசையாக வாசிக்க வேண்டாம். பெர்ஜே 1992 ஆகஸ்ட் 2-இல் மாரடைப்பில் இறந்தார், வயது 44. இருவரும் சேர்ந்து பாடிய இசைத்தட்டு வெளிவந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 1997 டிசம்பரில் மூத்த மகள் போலின் 19 வயதில் நுரையீரலைத் தாக்கும் பரம்பரை நோயால் இறந்தார். அதன்பின் அவர் மேடையை விட்டு விலகினார். 2015-இல் பெர்ஜே பாடல்களைக் கோத்து 'ரெஸிஸ்த்' என்ற இசை நாடகத்தை உருவாக்கினார். 2018 ஜனவரி 7-இல் மறைவு. இதில் 1992-ஐயும் 2015-ஐயும் மட்டும் சொன்னால் போதும். எல்லாவற்றையும் சொன்னால் ஜூலை 14 விழா இரங்கல் கூட்டமாகிவிடும்.

---

நாகூர்ப்புறா

'லே ஸ்யூஸெத்' சேர்த்துக்குங்க, குச்சி மிட்டாய் பத்தின பாட்டு, கேட்க ஜாலியா இருக்கும், பசங்களுக்குப் பிடிக்கும். அப்புறம் ஸ்தார்மானியாவுல அவங்க பாடின 'ல மோந்த் எ ஸ்தோன்' கண்டிப்பா வேணும்.

---

திருமலைராஜனாறு

இரண்டுமே வேண்டாம் என்பேன்.

'லே ஸ்யூஸெத்' 1966-இல் கேன்ஸ்பூர் எழுதியது. மேலுக்கு மிட்டாய், உள்ளே பச்சை இரட்டை அர்த்தம். பாடிய பெண்ணுக்கு 18 வயது, அந்த அர்த்தம் தெரியாமலே பாடினார். தெரிந்தபோது அவமானமாக உணர்ந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கல்லூரிப் பெண்களை அதைப் பாட வைப்பது அதே காரியத்தை இரண்டாம் தடவை செய்வதாகும். கேன்ஸ்பூர் பாட்டு இன்னொன்று வேண்டுமென்றால் 1964-இன் 'லெஸ் தோம்பே லே ஃபீய்' இருக்கிறது. பெண்களை ஏமாற்றித் திரிபவனை "நாளைக்கு உனக்கும் இதே கதிதான்" என்று எச்சரிக்கும் பாட்டு. துள்ளலும் இருக்கிறது.

'ல மோந்த் எ ஸ்தோன்' மூல இசைத்தட்டில் ஃபாபியேன் திபோ என்ற கியூபெக் பாடகி பாடியது. ஸ்தார்மானியாவில் ஃப்ரான்ஸ் கால் ஏற்ற பாத்திரம் வேறு. இந்தத் தவறு இணையத்தில் நிறையவே உலவுகிறது.

---

தரங்கம்பாடி

உச்சரிப்புக்கு வரேன். இங்கிலீஷ் வழியா பிரெஞ்சுக்குப் போகாதீங்க, தமிழ் வழியா போங்க. பாதி வேலை நம்ம வாயிலயே ஏற்கெனவே இருக்கு.

மூக்கொலி முதல்ல. எல்லாரும் இதுலதான் மாட்டுவாங்க, நமக்கு இதுதான் சுலபம். பேச்சுத் தமிழ்ல "அவன் வந்தான்", "நான் வந்தேன்", "நாங்க வந்தோம்" இந்த மூணையும் சாதாரணமா, வீட்ல பேசுற மாதிரி சொல்லிப் பாருங்க. கடைசியில நாக்கு மேல ஒட்டாது, உதடு மூடாது, உயிரெழுத்து மூக்கு வழியா வந்து நிக்கும். பிரெஞ்சோட மூணு முக்கிய மூக்கொலியும் அதுதான்: 'ஃப்ரான்ஸ்', 'மமான்'ல வர்றது வந்தான். 'பஸ்வேன்'ல வர்றது வந்தேன். 'ஸோன்'ல வர்றது வந்தோம். 'வந்தான்' ஒலிய மட்டும் இன்னும் கொஞ்சம் தொண்டைப் பக்கம் தள்ளணும். நாலு பொண்ணுங்களும் தினம் அஞ்சு நிமிஷம் இந்த மூணு வார்த்தையையே ஒரே சுருதியில நீட்டிப் பாடட்டும். மேடைக்குப் போனதும் பயத்துல எழுத்துத் தமிழ் மாதிரி 'ன்'னு நாக்கை ஒட்டினா போச்சு, "ஸோன்ன்"னு மணி அடிக்கும்.

அடுத்து த, ட. பிரெஞ்சு 'த' நம்ம த-வேதான், நாக்கு நுனி பல்லுல படும். இங்கிலீஷ் பழக்கத்துல 'ரெஸிஸ்ட்'னு ட போட்டா உடனே காது கண்டுபிடிக்கும். 'ரெஸிஸ்த்'.

ப-வுல நமக்கு உள்ள பொறி: ரெண்டு உயிருக்கு நடுவுல தனி ப வந்தா நம்ம வாய் தானா மெலிச்சிடும், 'பூப்பே' 'பூபே' ஆகும். தமிழ்ல ப்ப-ன்னு எழுதிப் படிங்க, ஆனா நீட்டி அழுத்தாதீங்க. நேர் எதிர் பொறி 'பாபாகார்', 1987-இல வந்த பாட்டு. அதுல ரெண்டு பா-வும் 'கம்பம்'ல கடைசியில வர்ற ப மாதிரி அதிர்ந்து வரணும், சொல்லோட முதல்லயும்கூட. அவங்க பேருக்கும் அதே கதைதான். 'கால்'ல க 'தங்கம்'ல வர்ற க, கா குறில். காரைக்கால்ல வர்ற கால் இல்ல!

'ம்யூஸிக்', 'த்யூ'ல வர்ற அந்த யூ: வாய்க்குள்ள 'ஈ' சொல்லிக்கிட்டே நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் 'ஊ'-க்குக் குவிங்க. கண்ணாடி முன்னாடி செய்யணும். நாக்கு பின்னாடி ஓடிப்போனா வெறும் ஊ ஆயிடும்.

'இல் ஷுவே த்யூ பியானோ தபூ'ல ரெண்டாவது சொல்லு 'ஜு' இல்ல, 'ஷு'வும் இல்ல. 'ஷ்ஷ்ஷ்'னு ஊதிக்கிட்டே தொண்டையை அதிர வைங்க. தொண்டையில விரல் வெச்சுப் பார்த்தா அதிர்வு தெரியும். ஜ-ன்னு நாக்கை ஒட்டினா இங்கிலீஷ் வாடை வந்துடும்.

ர-வை உருட்டாதீங்க. தொண்டை அடியில, தண்ணி இல்லாம கொப்புளிக்கிற மாதிரி லேசா உரசினாப் போதும். ஃப்ரான்ஸ் கால் பாடுறது சாதாரண பாரிஸ் பேச்சு ர, பழைய மேடைப் பாடகிகளோட கனமான ர இல்ல. வராதவங்க அதை மென்மையா நழுவவிடலாம், தப்பில்ல. ற மாதிரி அடிச்சாத்தான் தப்பு.

எழுத்தைப் பார்த்து ஏமாறுற இடம் ஒண்ணு: 'எவிதமான்'. எழுத்துல நடுவுல 'எம்'னு இருக்கும், சொல்றது 'அம்'. எவிதெமான்னு படிச்சிடுவாங்க.

கடைசியா ஒட்டு. நம்ம புணர்ச்சி மாதிரிதான். 'லே' தனி, 'இதோல்' தனி. சேர்ந்தா 'லேஸிதோல்', நடுவுல அதிர்வுள்ள ஸ. ஸ்தார்மானியாவுல ஒரு தலைப்புல நாலு சொல்லு ஒரே மூச்சா 'கான்தோனாரீவான்'னு வரும், எழுத்துல 'த' (அதிர்வுள்ளது) இருக்கிற இடத்துல ஒட்டும்போது வல்லின த் கேக்கும். சொல்லுக்குச் சொல்லு நிறுத்திப் பாடினா பிரெஞ்சு செத்துப்போகும். வரிகளை எழுதிக் கொடுக்கும்போது சொல் பிரிச்சு எழுதாதீங்க, அசை பிரிச்சு எழுதுங்க.

---

முதல்கட்டை

சங்கீதம் தெரிஞ்ச ரெண்டு பேரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவர்களுக்குத்தான் அதிக வேலை.

ஃப்ரான்ஸ் கால் குரல் சின்னது, முன்வாயில் நிற்பது, அசைவு கம்மி. சுரத்தை நேராகப் பிடித்து நேராக விடுகிறார். கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் வரியின் கடைசிச் சுரத்தில் தம்மை அறியாமல் ஒரு அசைப்பு வைப்பார்கள், அடுத்த சுரத்துக்கு ஜாருவில் இழுத்துப் போவார்கள். கேட்பவருக்கு அது சினிமாப் பாட்டு போலாகிவிடும். மாற்ற வழி: பாட்டை முதலில் 'லா லா' என்று, ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டிப் பாடட்டும், ஆர்மோனியக் கட்டையை அமுக்குவதுபோல. மூன்று நாள் அப்படிப் பாடிய பிறகு சேர்த்துப் பாடலாம். முழுக்குரல் வேண்டாம். மைக் இருக்கிறது, பேசுகிற அளவு சத்தம் போதும்.

சுருதி. ட்ராக்கை அப்படியே எடுத்து அதன் பின்னால் ஓடாதீர்கள். பாட்டின் முதல் சுரத்தைப் பார்த்துச் சுருதி முடிவு செய்வது பொதுவாக நடக்கிற பிசகு. பாட்டிலேயே மிகக் கீழே போகும் சுரம், மிக மேலே போகும் சுரம், இரண்டையும் ட்யூனர் செயலியில் பாருங்கள். மேல் சுரத்தைப் பொண்ணு அன்றைக்கு மூன்று தடவை தொடர்ந்து, தொண்டை இறுகாமல் பாட முடிகிறதா? முடியவில்லையென்றால் ட்ராக்கை அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்குங்கள். கீபோர்டுக்காரருக்கு: 1 கட்டை என்பது சி, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, நாலரை என்பது எஃப் ஷார்ப். மென்பொருளில் ட்ராக்கை மூன்று அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தினால் டிரம்ஸ் ஈரப் பறை மாதிரி தொய்ந்து ஒலிக்கும். அதற்குமேல் இறக்க வேண்டியிருந்தால் ட்ராக்கை விட்டுவிட்டு கீபோர்டில் வாசியுங்கள். பெர்ஜே பாட்டுகள் பியானோவில் பிறந்தவை, கீபோர்டும் கஹோனும் மட்டும் இருந்தாலே நிற்கும்.

தாளம் பெரும்பாலும் நாலு நடைதான், ஆதியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழுகிறது. அதனால் வரி பல இடங்களில் தட்டுக்கு முன்பே கிளம்பித் தட்டில் வந்து உட்காரும். நம் பாஷையில் அதீத எடுப்பு. 'சமத்தில் எடு' என்று பழகியவர்கள் அரை எண்ணிக்கை தாமதமாக நுழைவார்கள், பிறகு வரி முழுக்க ஓடிப் பிடிப்பார்கள். கைத்தாளம் போட்டபடி வரிகளைப் பாடாமல் பேசிப் பழகுவதுதான் மருந்து. ட்ராக்கை 75 சதவீத வேகத்தில் ஓடவிட்டு, பேச்சு உட்கார்ந்த பிறகு சுரம் சேருங்கள்.

பிரெஞ்சு தெரிந்த இருவருக்குச் சுருதிப் பெட்டியை வைத்து தினம் பத்து நிமிடம் ச-ப-ச மட்டும். பாட்டுக்குள் அவர்களைத் தனியாக விடாமல், சங்கீதம் தெரிந்தவரோடு ஜோடி சேருங்கள். ஒருவர் மற்றவருக்கு வாயாகவும் மற்றவர் இவருக்குக் காதாகவும் இருப்பார்.

---

மெலட்டூர்ப் பக்கம்

ஸ்தார்மானியா பற்றி. இசை மிஷேல் பெர்ஜே, வரிகள் கியூபெக் கவிஞர் லூக் ப்லாமோந்தோன். முதலில் 1978-இல் இசைத்தட்டு, பிறகுதான் மேடை: 1979 ஏப்ரல் 10 முதல் பாரிஸ் பாலே தெ கோங்க்ரே அரங்கில். இன்றைக்கும் புதிதாக மேடையேறுகிறது. 2022-இல் தொமா ஜொலி இயக்கத்தில் வந்தது கடைசிப் பெரிய தயாரிப்பு.

கதை: மோனோபோலிஸ் என்ற எதிர்கால மாநகரம். 'கறுப்பு நட்சத்திரங்கள்' என்ற கும்பலின் தலைவன் ஜானி ராக்ஃபோர். கோடீஸ்வரன் ஸெரோ ஜான்வியே ஜனாதிபதி ஆகப் பார்க்கிறான். தொலைக்காட்சித் தொகுப்பாளினி கிறிஸ்தால், ஜானியைக் காதலித்து, அவன் கும்பலிலேயே சேர்ந்துவிடுகிறாள். இந்தக் கிறிஸ்தால்தான் ஃப்ரான்ஸ் கால். 1974-இல் அமெரிக்காவில் பத்திரிகை முதலாளி வீட்டுப் பெண் பாட்டி ஹெர்ஸ்ட் கடத்தப்பட்டு, கடத்தியவர்களோடே சேர்ந்த செய்தியிலிருந்து முளைத்த பாத்திரம். ஜானியாக தானியேல் பாலாவ்வான், ஓய்ந்துபோன நட்சத்திரம் ஸ்தெல்லாவாக தியான் த்யூஃப்ரேன், உணவகப் பணிப்பெண் மரி-ழானாக ஃபாபியேன் திபோ.

தனியாக எடுத்துப் பாடினால் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெலட்டூரில் பாகவத மேளா தெலுங்கில்தான் நடக்கிறது. விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஊர்ச் சனத்தில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? பாத்திரம் திரைக்குப் பின்னிருந்து வந்து, தான் யார் என்று சொல்லும் பிரவேச தருவே பாதி கதையைச் சொல்லிவிடும். ஸ்தார்மானியாவும் அதே கணக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'நான் இவள்' என்று தன்னைத் திறந்து காட்டும் பாட்டு உண்டு. அதனால் தனியாக எடுத்தாலும் உயிரோடு நிற்கும், பாடுகிறவள் பாத்திரமாக நுழைய வேண்டும், அவ்வளவுதான். கிறிஸ்தாலுக்கு 'பஸ்வேன் தமூர்' எடுங்கள். பாட்டுக்கு முன் நாலு வரி தமிழில்: இவள் யார், எங்கே வேலை, யாரைக் காதலித்தாள், இப்போது யார் பக்கம். உடையில் ஒரே ஒரு மாற்றம்: தொகுப்பாளினிக் கோட்டைப் பாட்டின் நடுவில் கழற்றி நாற்காலியில் போடட்டும். கும்பலில் சேர்ந்துவிட்டாள் என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

பாலாவ்வானுடைய 'எஸ் ஓ எஸ்' பாட்டை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். அவருடைய குரல் எகிறிப் போகும் உயரம் பழகாத தொண்டையைக் கிழித்துவிடும். அவரைக் குறிப்பிட வேண்டுமென்றால் 'எவிதமான்' இருக்கிறது. 1986 ஜனவரி 14-இல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தின்போது ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்த பிறகு, அவர் நினைவாக பெர்ஜே எழுதி ஃப்ரான்ஸ் கால் பாடியது. மெதுவான பாட்டு, நால்வரில் சுருதி சுத்தமான ஒருத்தி மட்டும், கீபோர்டு மட்டும்.

---

பாக்ஸ் கட்டுறவர்

டைல்ஸ் தரை மண்டபம்னு போட்டிருக்கீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன்.

மைக்செட்காரர் பழக்கத்துல எக்கோவைத் திருப்பி வெச்சிருப்பார். முதல் வேலையா அதை அணைக்கச் சொல்லுங்க. மண்டபமே எக்கோ போடும். பிரெஞ்சுல ஸ, ஷ, அந்த அதிர்ற ஷ எல்லாம் மேல் அலைவரிசை, 4,000-லேர்ந்து 8,000 ஹெர்ட்ஸ் பக்கம். எக்கோ சேர்ந்தா எல்லாம் ஒண்ணா கலந்து 'உஷ்உஷ்'னு கேக்கும், வார்த்தை போயிடும். மிக்சர்ல ஒவ்வொரு பாட்டு மைக்குக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற பொத்தானை அமுக்குங்க, மேடை அதிர்வும் ஃபேன் இரைச்சலும் குறையும்.

ஹார்ன் வேண்டாம், பாக்ஸ் கேளுங்க. பாடுறவங்க நிக்கிற கோட்டுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வெச்சு, கொஞ்சம் உள்பக்கமா திருப்புங்க, சுவத்தைப் பார்த்து வெக்காதீங்க. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் எதிரொலி குறையும், அதனால காலி மண்டபத்துல சரி பண்ணினதை நிகழ்ச்சி தொடங்கி முதல் பாட்டுல மறுபடி பார்க்கணும்.

நாலு பேருக்கு நாலு மைக். வாயிலேர்ந்து ரெண்டு மூணு விரக்கடை தூரம், நேர் எதிர இல்லாம ஓரமா சாய்ச்சு, இல்லன்னா 'பூப்பே'ல ப வர்றப்பல்லாம் டப் டப்னு வெடிக்கும். மைக் தலையை கையால பொத்திப் பிடிக்கக் கூடாது. பின்னாடி ஓட்டை அடைபட்டு கீச்சுனு கத்துறது பெரும்பாலும் அதனாலதான், ஆப்பரேட்டர் மேல பழி போடுவாங்க.

ட்ராக்கை ப்ளூடூத்துல விடாதீங்க, பின்தங்கும், நடுவுல அறுந்தும் போகும். லேப்டாப்லேர்ந்து மிக்சருக்கு கேபிள். 'உம்ம்'னு இரைச்சல் வந்தா சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, பாதி தடவை அதான் காரணம். போன்லேர்ந்து போடுறீங்கன்னா ஏரோப்ளேன் மோடு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க பத்துப் பதினஞ்சு செகண்ட் ஆகும், அதுக்குள்ள மிக்சர் அணைஞ்சு திரும்ப வர்றப்ப பெரிய சத்தம் அடிக்கும். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ். ஆம்ப்ளிஃபயரை அதுல மாட்டாதீங்க, தாங்காது.

அப்புறம் ஒண்ணு: ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வரும். உங்க தேதிக்குப் பக்கத்துல விழுந்துச்சுன்னா ஊர்ல இருக்கிற நல்ல செட்டு எல்லாம் கோயிலுக்கும் அன்னதானப் பந்தலுக்கும் போயிடும். ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வைங்க.

---

அரசலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. நோட்டீசை நிறுத்தியாச்சு. வரிசை இப்படிப் போட்டிருக்கோம், பார்த்துச் சொல்லுங்க: பூப்பே த ஸீர், லா தெக்லராஸியோன் தமூர், பஸ்வேன் தமூர், எவிதமான், ரெஸிஸ்த், எல்லா எல் லா. டிக்கெட் இல்ல. பாட்டுக்கு உரிமை ஏதாவது வாங்கணுமா?

---

திருமலைராஜனாறு

வரிசை நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு மாற்றம். 'எவிதமான்' நாலாவதாக வந்தால் அதற்கு முந்தைய ஸ்தார்மானியா கைதட்டல் அடங்குவதற்குள் அமைதிப் பாட்டு தொடங்க வேண்டியிருக்கும். இடையில் 1979-இலிருந்து 86 வரையுள்ள கதையை அங்கே சொல்லுங்கள். 1981-இன் 'ரெஸிஸ்த்' காலத்தால் முந்தியது என்றாலும் பின்னால் வருவதே சரி. அதற்கு முன் 1992-ஐயும், அதே தலைப்பில் 2015-இல் அவர் உருவாக்கிய நாடகத்தையும் சொல்லிவிட்டுப் பாடினால் 'எதிர்த்து நில்' என்ற அந்தச் சொல்லுக்குக் கனம் கூடும். 'எல்லா எல் லா' 1987-இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைப் புகழ்ந்து வந்தது, ஜெர்மனியில் முதலிடம் வரை போனது. தலைப்பே 'எல்லாவிடம் அது இருக்கிறது' என்ற சொல் விளையாட்டு. தமிழ்க் காதுக்கு 'எல்லாம்' போலக் கேட்கும், பசங்கள் இரண்டாம் தடவையிலேயே கூடப் பாடிவிடுவார்கள்.

நேரக் கணக்கு: முதல் பாட்டு இரண்டரை நிமிடம், மற்ற ஐந்தையும் சராசரி நாலு என்று வைத்தால் இருபத்திரண்டரை. ஆறு விளக்கம், தலைக்கு இரண்டு நிமிடம், பன்னிரண்டு. மைக் மாற, கோட்டு மாற்ற ஐந்து. நாற்பதுக்குள் நிற்கும், பிந்தித் தொடங்கினாலும் தாங்கும்.

உரிமை பற்றி: 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், தொழில்முறை அல்லாத குழு கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் பாடுவதற்கு விலக்கு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வைத்தால் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கம்) உரிமம் வேண்டும். கரோக்கி ட்ராக்கின் ஒலிப்பதிவு உரிமை தனி. அதைக் காசு கொடுத்து வாங்கிய இடத்தின் நிபந்தனைகளில் பொது நிகழ்ச்சிக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வீடியோவை யூடியூப்பில் ஏற்றினால் இந்த விலக்கு அங்கே செல்லாது, ட்ராக் ஒலிக்கிற பகுதிக்கு உரிமைக் கோரல் வர வாய்ப்பு அதிகம். கீபோர்டோடு மட்டும் பாடுகிற 'எவிதமான்'கூடத் தப்பாது, மெட்டும் வரியும் உரிமைக்குள் இருப்பவையே.

---

தரங்கம்பாடி

'எல்லா எல் லா'வுல ஒரு எச்சரிக்கை. ல-வை நாக்கு மடிச்சு ள ஆக்கிடாதீங்க, மூணும் பல்லோரத்து ல. வேகமா திரும்பத் திரும்ப வர்றப்ப நாக்கு தானா பின்னாடி போகும். முதல் வாரம் பாதி வேகத்துலயே வெச்சிருங்க.